மாங்குளத்துப் பட்டறையில் செய்வித்த என் கிற்றார்: ஒரு வருடப் பாவனைக்குப் பிறகு

மாங்குளம் சந்தியில் இறங்கி ஒட்டுசுட்டான் போகும் வீதியில் திரும்பினால், கொஞ்சத் தூரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு தச்சுப் பட்டறை வரும். பெயர்ப்பலகை இல்லை. முன்பக்கம் கதவு நிலைகளும் ஜன்னல் சட்டங்களும் சாத்திக் கிடக்கும். பின்னால் உள்ள சின்ன அறைக்குள் எட்டிப் பார்த்தால்தான் கூரை வளையிலிருந்து கிற்றார்க் கழுத்துகள் தொங்குவது தெரியும். என்னுடைய எலெக்ட்ரிக் கிற்றாரை அங்கேதான் செய்வித்தேன். கைக்கு வந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. ஒரு மாரியும் ஒரு கோடையும் பார்த்துவிட்டது, முப்பதுக்கு மேற்பட்ட மேடைகள் ஏறிவிட்டது. இனி எழுதலாம்.

நான் முரசுமோட்டையில் இரணைமடுத் தண்ணீரில் நெல் செய்கிறவன். திருவிழாக் காலத்தில் ஓர் இசைக்குழுவில் லீட் கிற்றார் வாசிக்கிறேன். முன்பு என்னிடம் இருந்தது கொழும்பில் ஒரு கடையில் வாங்கிய, வெளிநாட்டுத் தொழிற்சாலையில் செய்த கிற்றார். பார்க்க மிகவும் வடிவு. இரண்டாவது மாரி முடிந்தபோது அதன் கழுத்து வில்லாக வளைந்துவிட்டது. உள்ளே இருக்கும் கம்பியை முறுக்கி நிமிர்த்தப் பார்த்தேன், முறுக்கு முடிந்ததே தவிரக் கழுத்து நிமிரவில்லை. கடைக்காரர் அது உத்தரவாதத்துக்குள் வராது என்று சொல்லிவிட்டார். புதிதாக ஒன்று வாங்குவோம் என்று நினைத்த நேரத்தில் 2022 வந்தது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு ஏறியபோது, நான் பார்த்து வைத்திருந்த கிற்றாரின் விலை இரண்டு மடங்காகியது. அறுவடைக் காசை அதற்குக் கொடுக்க மனம் வரவில்லை.

பட்டறை அண்ணையைப் பற்றி எங்கள் குழுவின் கீபோர்ட்காரர்தான் சொன்னார். போன முதல் நாள் மாதிரிக் கிற்றார் எதையும் அவர் எனக்குக் காட்டவில்லை. என் இடது கையை விரித்து வைக்கச் சொல்லி, பெருவிரலுக்கும் சுண்டு விரலுக்கும் இடையே நூல் பிடித்து அளந்தார். பிறகு கேள்விகள். "தம்பி, நீர் எங்கை வாசிக்கிறனீர்? கோயில் மேடையோ, மண்டபமோ? கரண்ட் ஜெனரேட்டரோ, லைனோ? என்ன கம்பி போடுறனீர்?" இவ்வளவு வருடத்தில் எந்தக் கடையிலும் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. நாதஸ்வரக் குழைவைக் கம்பியை இழுத்து வாசிப்பேன், பழைய கிற்றாரில் மேலே போக இழுத்தால் சத்தம் செத்துவிடும் என்று சொன்னேன். அவர் அந்தப் பழைய கிற்றாரை வாங்கி, விரற்பலகையின் வளைவில் ஓர் அட்டையை வைத்துப் பார்த்தார். வளைவு கூடிப் போயிருக்கிறது, அதனால் இழுக்கும் கம்பி அடுத்த ஃபிரெட்டில், அதாவது விரற்பலகையின் குறுக்கே அடித்திருக்கும் உலோகக் கட்டையில், முட்டுகிறது என்றார். எனக்கு அதைவிடத் தட்டையான 12 அங்குல ஆரை வளைவும் உயரமான ஃபிரெட்டும் போட்டுத் தருவதாக அப்போதே கொப்பியில் எழுதிக்கொண்டார்.

அவர் இந்தத் தொழிலுக்கு வந்த வழியைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிற்றாரின் சத்தம் அதில்தான் இருக்கிறது. 1990களில் வன்னிக்குள் கரண்டும் இல்லை, போர்க்காலத் தடையால் பற்றரியும் வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் செய்தி கேட்ட தலைமுறை எங்களுடையது. நான் சுற்றிய பிள்ளை. அண்ணை அந்த டைனமோக்கள் எரிந்தால் செம்புக் கம்பியைக் கழற்றித் திரும்பச் சுற்றிக் கொடுத்த இளைஞர். பிறகு தண்ணீர்ப் பம்பு மோட்டார் சுற்றினார். தச்சு வேலை தகப்பனிடமிருந்து வந்தது. இரண்டும் ஒரே கையில் சேர்ந்தபோது எலெக்ட்ரிக் கிற்றார் பிறந்திருக்கிறது.

கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்அப் எப்படி வேலை செய்கிறது என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன விளக்கம் இது: "டைனமோவிலை காந்தம் சுத்தும், சுருள் சும்மா இருக்கும். இதிலை காந்தமும் சுருளும் சும்மா இருக்கும், கம்பி ஆடும். அவ்வளவுதான்." அப்படியே சரி. கம்பிக்குக் கீழே காந்தம், காந்தத்தைச் சுற்றி மயிரை விட மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். உருக்குக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் அசையும், அந்த அசைவில் சுருளுக்குள் சின்னஞ்சிறு மின்சாரம் பிறக்கும். அதைத்தான் அம்ப்ளிபயர் பெருப்பித்துத் தருகிறது. மைக்கேல் ஃபரடே 1831இல் கண்ட விஷயத்தை நூறு வருடம் கழித்து அமெரிக்காவில் கிற்றாரில் வைத்தார்கள். 1950இல் லியோ ஃபென்டர் முழுப் பலகைக் கிற்றாரைத் தொழிற்சாலையில் செய்து விற்கத் தொடங்கினார். அவரும் றேடியோ திருத்திய மனிதர்தான், கிற்றார் வாசிக்கத் தெரியாதவர். நான் இதைச் சொன்னபோது அண்ணையின் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். அவருக்கும் வாசிக்கத் தெரியாது.

உடற்பலகைக்குப் பலா. தவிலும் வீணையும் எந்த மரத்தில் செய்கிறார்களோ அதே மரம். முள்ளியவளைப் பக்கம் ஒரு வளவில் நின்ற கிழட்டுப் பலாவை நான்கு வருடத்துக்கு முன் பலகையாக அரிந்து, இடையில் சட்டம் வைத்து அடுக்கி, நிழலில் காயவிட்டிருந்தார். பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் தறிக்க 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி எடுக்க வேண்டும், அந்தக் கடதாசியையும் பலகையோடு ஆணியில் குத்தி வைத்திருந்தார். பாலையும் முதிரையும் எங்கள் காட்டின் பெருமை, ஆனால் உடலுக்கு அவை சரிவராது என்கிறார். அந்தப் பாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நான்கு மணித்தியாலம் நிற்க முடியாது. மலைவேம்பு பஞ்சு மாதிரி இலேசு, ஆனால் திருகாணி பிடிக்காது. பலா நடுவில் நிற்கிறது. என் கிற்றாரை அரிசி நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன், 3.7 கிலோ.

எங்கள் பக்கத்து மரங்களுக்குள் இன்னொன்றும் இருக்கும். சன்னமோ எறிகணைத் துண்டோ பட்ட இடத்தை மரம் தன் பாட்டில் மூடி வளர்ந்துவிடும், வெளியில் தழும்புகூடத் தெரியாது. வாளில் பட்டால் பல்லு தெறிக்கும். அண்ணை எந்தப் பலகையையும் அரியுமுன் உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய பெரிய காந்தத்தை அதன் மேல் மெல்ல ஓட்டுகிறார். மேலாக இருப்பதைக் காந்தம் காட்டிவிடும். ஆழத்தில் கிடப்பதற்கு மரத்தின் நிறம்தான் சாட்சி, இரும்பு துருவேறினால் சுற்றியுள்ள மரம் கறுத்துவிடும். என் பலகையின் கீழ் ஓரத்தில் அப்படி ஒரு பெருவிரல் அகலக் கறை இருந்தது. தோண்டினால் நகம் அளவு இரும்பு. அதை எடுத்துவிட்டுப் பலகையை மாற்றித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். குழியைப் பலாத் துண்டால் அடைத்துத் தேய்த்திருக்கிறார். மஞ்சள் மரத்தில் அந்தக் கறை இப்போதும் இருக்கிறது. மேடையில் என் வலது முழங்கை வந்து விழும் இடம் அது.

கழுத்து தேக்கு. ஆறு கம்பியையும் சுருதிக்கு ஏற்றினால் 45 கிலோவுக்கு மேல் இழுவிசை இரவு பகலாகக் கழுத்தை முன்னுக்கு வளைக்கப் பார்க்கும். அதற்கு எதிராக உள்ளே ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது, சாவி போட்டுத் திருகினால் கழுத்தைப் பின்னுக்கு இழுக்கும். ஆனால் பலகை சரியாக அரியப்படாவிட்டால் கம்பியால் ஒன்றும் செய்ய முடியாது என்று அண்ணை சொல்கிறார். ஆண்டு வளையங்கள் நெட்டுக்கு நிற்கும்படி அரிந்த பலகையைத்தான் எடுப்பார். தேக்கில் எண்ணெய் இருப்பதால் பசை பிடிக்காது, ஒட்டுவதற்குச் சற்று முன் அசிற்றோன் தொட்டுத் துடைக்க வேண்டும். இதை அவர் ஒரு கழுத்து கழன்று போன பிறகு கற்றுக்கொண்டாராம்.

விரற்பலகைக்கு எனக்குக் கருங்காலி ஆசை. கருங்காலி தறிப்பது தடை, திருட்டு மரம் நான் தொடமாட்டேன் என்று உடனே சொல்லிவிட்டார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வீட்டிலை பழைய உலக்கை ஏதும் கிடக்கோ?" என்று கேட்டார்.

கிடந்தது. 2010இல் நாங்கள் மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வளவில் கிணறும் குசினியின் ஒரு சுவரும்தான் மிச்சம். அந்தச் சுவருக்கு அடியில் மண்ணுக்குள் அம்மம்மாவின் உலக்கை கிடந்தது, ஒரு முனை கருகி. அதற்குப் பிறகு அதை யாரும் கையில் எடுக்கவில்லை, மா மில்லில்தான் அரைக்கிறோம். அம்மாவிடம் கேட்கத் தயங்கினேன். "இடிக்க இனி ஆர் இருக்கினம், சும்மா கிடக்கிறதுக்கு நீ வாசிச்சாலாவது சத்தம் வரும், கொண்டு போ" என்றா.

அண்ணை அதை நெடுக்காக அரிந்த அன்று நான் பக்கத்தில் நின்றேன். மேலே சாம்பல் படிந்த கட்டை, உள்ளே மை மாதிரிக் கறுப்பு. ஐம்பது வருடத்துக்கு மேல் காய்ந்த மரம், வெட்டிய முகத்தில் கைவைத்தால் கண்ணாடி மாதிரி இருந்தது. உலக்கையின் நடுவில் கைப்பிடி சிறுத்து, முனைப்பக்கம் பருத்திருக்கும் அல்லவா? விரற்பலகைக்கும் அதே உருவம்தான் வேண்டும்: தலைப்பக்கம் 43 மில்லிமீற்றர் அகலம், உடற்பக்கம் 56. அதனால் அம்மம்மாவின் கை தேய்த்த இடம் என் கிற்றாரில் முதலாம் இரண்டாம் ஃபிரெட் பக்கம் வந்திருக்கிறது. கருகிய முனையை வெட்டி, மிஞ்சிய பூண் போட்ட துண்டைத் திருப்பித் தந்தார். அம்மா அதில் உள்ளி இடிக்கிறா.

ஃபிரெட் வெட்டும் வேலையில் அவரை நான் முழுதாக நம்பிவிட்டேன். கம்பியின் மொத்த நீளம் 648 மில்லிமீற்றர். அதை 17.817ஆல் வகுத்தால் 36.37, அதுதான் முதல் ஃபிரெட் இருக்க வேண்டிய இடம். மிஞ்சிய நீளத்தைத் திரும்ப அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது 34.33. இப்படியே போனால் பன்னிரண்டாவது ஃபிரெட் சரியாக நடுவில், 324இல் வந்து விழும். விழாவிட்டால் எங்கோ கணக்குப் பிழை. இருபத்திரண்டு இடத்தையும் ஒவ்வொன்றாக முந்தியதிலிருந்து அளக்கக் கூடாது, எல்லாவற்றையும் தலைப்பக்கத்திலிருந்தே அளக்க வேண்டும், இல்லாவிட்டால் சின்னச் சின்னப் பிழை கூடிக்கொண்டே போகும் என்று சொல்லித் தந்தார். பிறகு ஃபிரெட் அடித்து, மேல் முழுக்க மார்க்கர் மை பூசி, நேர்ச்சட்டத்தில் ஒட்டிய சான்ட் பேப்பரால் தேய்த்தார். மை போன இடம் மேடு, மை நின்ற இடம் பள்ளம். எல்லாத்திலும் மை ஒரே அளவு போகும் வரை அந்த வேலை. முனைகளை ஒவ்வொன்றாக அரத்தால் உருட்டினார். சோளகக் காற்று வீசும் மாதங்களில் மரம் சுருங்கி ஃபிரெட் முனை வெளியே துருத்தி விரலைக் கீறும், பழைய கிற்றாரில் எனக்கு அந்தக் கீறல் இருந்தது. இந்தக் கோடையில் ஒரு முனைகூட வெளியே வரவில்லை.

பிக்அப் சுற்றும் மெஷின், தையல் மெஷின் மோட்டாரில் அவரே செய்தது. சுற்றை எண்ணுவதற்கு ஒரு பழைய கல்குலேட்டர். சமன் பொத்தானுக்கு இரண்டு வயர் இழுத்து, ஒரு சுற்றுக்கு ஒரு முறை காந்தம் தாண்டும்போது பொத்தான் அமுங்குவதுபோல் செய்திருக்கிறார். ஒன்றும் ஒன்றும் என்று ஒரு தரம் போட்டுவிட்டால் அது எண்ணிக்கொண்டே போகும். 42ஆம் நம்பர் கம்பி, 8000 சுற்று. கம்பியை விரலால்தான் பிடித்து ஓட்டுகிறார், கொஞ்சம் இறுக்கினால் அறுந்துவிடும், அறுந்தால் முதலிலிருந்து. என்னுடையதில் ஒன்று 6000 தாண்டி அறுந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து திரும்பத் தொடங்கினார்.

சுற்றி முடித்ததை மெழுகில் அமிழ்த்துவது அடுத்த வேலை. கம்பிகளுக்கு இடையில் காற்று இருந்தால் பெரிய சத்தத்தில் சுருளே அதிர்ந்து வீல் என்று கத்தும். நான்கு பங்கு மெழுகுதிரி மெழுகுக்கு ஒரு பங்கு தேன்மெழுகு, 65 பாகை அளவில் உருக்க வேண்டும், அடுப்பில் நேரே வைக்காமல் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து. தேன்மெழுகு எங்கள் காட்டுத் தேன் எடுப்பவர்களிடம் வாங்கியது. அன்று முழுக்கப் பட்டறையில் தேன் வாசம்.

எனக்கு ஜெனரேட்டர் இரைச்சல்தான் பெரிய எதிரி. திருவிழா மேடையில் ரியூப் லைட்டும் ஜெனரேட்டரும் சேர்ந்தால், வாசிக்காத நேரத்திலும் ஸ்பீக்கரில் வண்டு குடைவதுபோல் ஒரு சத்தம் இருந்துகொண்டே இருக்கும். 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தைச் சுருள் பிடித்துக்கொள்வதால் வருவது. 1955இல் கிப்ஸன் கம்பனியில் சேத் லவர் கண்டுபிடித்த வழி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சுருள் வைப்பது. காந்தமும் எதிர், சுற்றும் எதிர். கம்பியின் ஒலி இரண்டிலும் சேர்ந்து கூடும், வெளி இரைச்சல் ஒன்றை ஒன்று அழித்துவிடும். பாலத்துப் பக்கம், அதாவது உடற்பலகையில் கம்பிகளைத் தாங்கும் இடத்துக்குக் கிட்ட, எனக்கு அதைப் போட்டிருக்கிறார். கழுத்துப் பக்கம் ஒற்றைச் சுருள்தான், மெலடி அதில்தான் இனிக்கும் என்று நான் பிடிவாதமாகக் கேட்டேன். இரைச்சல் அதில் கொஞ்சம் இருக்கிறது. உள்ளே குழி முழுக்கச் செப்புத் தாள் ஒட்டி, பாலத்துக்கும் பூமி வயர் இழுத்திருப்பதால் தாங்கக்கூடிய அளவு.

சத்தத்தைச் சொல்ல வேண்டும். பழைய கிற்றாரில் சுருதி ஏறி மறையும், இதில் ஏறி நிற்கிறது. ஒரு சுரத்தை இழுத்துப் பிடித்தால், தவில்காரர் ஒரு தீர்மானம் முடிக்கும்வரை அது அங்கேயே நிற்கும். பலாவாலா, உலக்கையாலா, பிக்அப்பாலா என்று குழுவில் இன்னும் வாதம் நடக்கிறது. என் எண்ணம், பெரும்பங்கு பிக்அப்பும் ஃபிரெட் வேலையும். மரத்தின் பங்கு, கழுத்து அசையாமல் நிற்பதில் இருக்கிறது.

மாரியில்தான் பரீட்சை. கார்த்திகை மழை பிடித்து இரண்டு கிழமையில் உழவு இயந்திரத்தின் வால்வு இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜை எடுத்து ஏழாவது ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் இடையிலான வெளியை அளந்தேன். 0.25 மில்லிமீற்றராக இருந்தது 0.35 ஆகியிருந்தது. சாவியில் கால் திருகு, சரி. அதற்குப் பிறகு நான் கழுத்தைத் தொடவில்லை.

இனிக் குறைகள். மூன்று மாதம் என்று சொன்ன வேலை ஏழு மாதம் எடுத்தது. மாசியில் செய்யக் கொடுத்த கிற்றார் ஆவணித் திருவிழாவுக்கு வரவில்லை, நான் இரவல் கிற்றாரோடு மேடை ஏறினேன், அது எனக்கு உண்மையில் மனவருத்தம். கதவு நிலை வேலை வந்தால் கிற்றாரை ஒதுக்கி வைத்துவிடுகிறார். அவருடைய குடும்பம் அதில்தான் சாப்பிடுகிறது, அது விளங்குகிறது, ஆனால் தவணையை முதலிலேயே ஏழு மாதம் என்று சொல்லியிருக்கலாம். போன் எடுப்பதில்லை. வார்னிஷ் கழுத்து மூட்டுப் பக்கம் தடித்து வடிந்திருக்கிறது, நுணுகிப் பார்த்தால் தூசும் ஒட்டியிருக்கிறது. மரம் அரியும் அறையிலேயே வார்னிஷும் அடித்தால் அப்படித்தான் வரும். வயர் குத்தும் ஜாக் இரண்டாம் கிழமையே ஆடத் தொடங்கியது. கொண்டு போனேன், பின்னால் தகடு வைத்துக் காசு வாங்காமல் திருத்தித் தந்தார். சுருதி முறுக்கும் ஆணிகள் மலிவுச் சாமான், அவற்றை நான் வேறு வாங்கி மாற்றினேன். இந்த விலைக்கு அந்த ஆணிகளைப் போட்டிருக்கக் கூடாது.

எனக்கு முடிந்த விலை 135,000 ரூபா, அரைவாசி முற்பணம். விரற்பலகை மரம் என்னுடையது. காந்தம், 42ஆம் நம்பர் கம்பி, ஃபிரெட், பாலம் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருப்பதால் டொலர் ஏறினால் விலையும் ஏறும் என்கிறார். கழுத்தை ஒட்டாமல் நான்கு திருகாணியால் பூட்டியிருப்பதால் கழற்றித் திருத்தலாம், உடைந்தால் கழுத்தை மட்டும் புதிதாகச் செய்யலாம். பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலத்தில் செய்தவரிடமே போய் நிற்கலாம் என்பது எனக்குப் பெரிய நிம்மதி. பழைய கிற்றாரின் வளைந்த கழுத்தையும் அவரிடமே கொடுத்திருக்கிறேன், ஃபிரெட்டைக் கழற்றி, பலகையைச் சீவி நேராக்கிப் பார்ப்பதாகச் சொன்னார். மருமகன் பழக அது போதும்.

போகிறவர்கள் உங்கள் பழைய கிற்றாரையும் கொண்டு போங்கள், அதில் என்ன பிடிக்கவில்லை என்று கையில் வைத்துக் காட்டினால் அவருக்கு வேலை இலேசு. அவசரமான மேடை இருந்தால் கொடுக்காதீர்கள். காலை பத்து மணிக்குப் பிறகு போங்கள். வாள் ஓடும்போது படலையில் நின்று கூப்பிட்டால் கேட்காது, பின்பக்கம் முருங்கையடியால் சுற்றி வந்து அவர் கண்ணில் படும் இடத்தில் நில்லுங்கள், நிறுத்திவிட்டு வருவார்.